பாய்ப்படகும் எமது பிள்ளைகளும்: எந்த வயதில் எந்தப் படகு?

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், பாய்ப்படகுப் பயிற்சிக்கான உபகுழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு மாணவிகளுக்குப் பாய்ப்படகுப் பயிற்சி ஆரம்பிக்கலாமா, எந்தப் படகை வாங்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும்படி சங்கம் எங்கள் நால்வரையும் கேட்டிருந்தது. எங்களில் இருவர் வெள்ளவத்தையில் வளர்ந்தவர்கள். மொட்டைமாடியில் ஏறினால் ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரியும். மற்ற இருவரும் கொட்டாஞ்சேனை. இரவில் துறைமுகத்துக் கப்பல்களின் ஊதல் ஒலி கேட்டுத்தான் தூங்கினோம். அப்படியிருந்தும் நாற்பது வயது வரை எங்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அதற்குப் பிறகுதான் நீந்தவும் பாய்ப்படகு ஓட்டவும் பழகினோம்.

ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டால், எங்கள் வீடுகளில் கடல் என்றால் ஒரு பயம். 1983 ஆடியில் கொழும்பு அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். 2004 மார்கழியில் சுனாமிக்கு உறவுகளைக் கொடுத்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தப் பயத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கு முந்திய கதையும் எங்களுக்கு உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது. ஓட்டிச் சென்றவர்கள் எமது ஊர் மாலுமிகள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்று வரும் திசைக்கெல்லாம் பெயர் வைத்திருந்தவர்களின் பேத்திகள் நாங்கள்.

இனி விடயத்துக்கு வருவோம். பாய்ப்படகுப் போட்டியில் 'கிளாஸ்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். ஒரே அளவில், ஒரே பாயோடு, ஒரே விதிப்படி கட்டிய படகுகளை ஒரு கிளாஸ் என்பார்கள். ஆளுக்காள் படகு வேறுபடாததால் கெட்டித்தனம் மட்டுமே வெற்றியைத் தீர்மானிக்கும். பாடசாலையில் வயதுக்கேற்ற வகுப்பு இருப்பதுபோல இங்கே வயதுக்கும் உடல் நிறைக்கும் ஏற்ற படகு உண்டு. பிள்ளையைத் தவறான வகுப்பில் இருத்தினால் என்ன நடக்கும் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். படகிலும் அதேதான் நடக்கும்.

சிறு பிள்ளைகளுக்கு உலகம் முழுவதும் உள்ள படகு ஒப்டிமிஸ்ட். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வரைந்தது. இரண்டேகால் மீற்றருக்குச் சற்றுக் கூடிய நீளம், 35 கிலோ நிறை, ஒரு பாய், ஒரு பிள்ளை. பார்த்தால் குளிக்கும் தொட்டிபோல இருக்கும். கவிழ்ந்தாலும் பிள்ளையே நிமிர்த்தித் தண்ணீரை இறைத்துவிட்டுத் தொடரலாம். 15 வயது நிறையும் ஆண்டு முடியும் வரைதான் இதில் போட்டியிடலாம்.

அடுத்தது லேசர். இப்போது அதனை ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள். 4.23 மீற்றர் நீளம். இதன் சிறப்பு என்னவென்றால் படகின் உடல் ஒன்றுதான், பாய் மூன்று அளவு. இளையோருக்கு ஏறத்தாழ 4.7 சதுர மீற்றர் பாய், அடுத்ததற்கு 5.8, பெரியதற்கு 7.1. கீழ்ப் பாய்மரத் துண்டையும் பாயையும் மாற்றினால் அதே படகு பிள்ளையோடு சேர்ந்து வளரும். நடுப் பாயுள்ள ஐ.எல்.சி.ஏ. 6 தான் 2008 முதல் பெண்களுக்கான ஒலிம்பிக் படகாக இருக்கிறது.

இதையெல்லாம் நாம் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. இரண்டு பிழை விட்டுத்தான் கற்றுக்கொண்டோம். அவற்றைச் சபையில் சொல்லிவிடுவது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போனோம். ஒருத்திக்குப் பன்னிரண்டு வயது, 34 கிலோ. ஒப்டிமிஸ்டைப் பார்த்து, "இது சின்னப் பிள்ளைகளின் படகு, ஒலிம்பிக்கில் இல்லாதது, ஏன் வீணாக இதில் காலம் கழிக்க வேண்டும்" என்று நாம் தீர்மானித்தோம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சீருடையை இரண்டு அங்குலம் கூட வைத்துத் தைப்போம் அல்லவா, அந்தக் கணக்கில் லேசரில் ஏற்றிவிட்டோம். காற்று எழுந்ததும் படகு கவிழ்ந்தது. நடுப்பலகையில் ஏறி நின்று நிமிர்த்த அவளது நிறை போதவில்லை. மூன்று தடவை கவிழ்ந்தாள். மூன்றாவது தடவை பாதுகாப்புப் படகு தூக்கி வந்தது. உயிர்காப்பு அங்கி இருந்தபடியால் ஆபத்தில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவள் படகில் கால் வைக்கவில்லை. அவள் பயந்தவள் அல்ல. நாம்தான் அவளுக்குப் பொருந்தாத படகைக் கொடுத்தோம்.

மற்றவளை அந்த அனுபவத்துக்குப் பயந்து ஒப்டிமிஸ்டிலேயே வைத்திருந்தோம். நன்றாக ஓட்டினாள், பரிசும் வாங்கினாள். பதினான்கரை வயதில் 52 கிலோ. அவள் ஏறியதும் படகு தாழ்ந்து மெல்லப் போகத் தொடங்கியது. தன்னிலும் சிறியவர்கள் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படகுக்கு நாம் ஒரு சதமும் எடுத்து வைத்திருக்கவில்லை. அதற்குள் சாதாரண தர ரியூசன் வந்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டாள். போகச் சொல்லி ஒருவரும் அவளை அனுப்பவில்லை. ஏறுவதற்கு ஒரு படி இல்லாததால் போய்விட்டாள்.

முதற் படகு வாங்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். பெண் பிள்ளைகளை நாம் இழப்பது இரண்டாவது படகில்தான்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2009இல் தமிழ்நாடு பாய்ப்படகுச் சங்கத்தின் கோடை முகாமில் சேர்ந்தவர். பரதநாட்டியமும் பழகியவர். முதலில் ஒப்டிமிஸ்ட், பிறகு லேசர். 2014, 2018 ஆசிய விளையாட்டு விழாக்களில் பங்குபற்றினார். 2020இல் மயாமியில் நடந்த உலகக் கிண்ணத் தொடரில் வெண்கலம். இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் பாய்ப்படகுப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதற் பெண் அவர். டோக்கியோவில் 35ஆம் இடம், 2024 பாரிஸில் 21ஆம் இடம். இடையில் பொறியியலும் படித்தார். முகாமுக்கும் டோக்கியோவுக்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் ஒவ்வொரு படியிலும் ஒரு படகு காத்திருந்தது.

தனியே ஓட்ட விரும்பாத பிள்ளைகளுக்கும் வழி உண்டு. சென்னையின் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் 2014 இன்சியோன் ஆசிய விழாவில் இருவர் ஓட்டும் 29இஆர் என்ற படகில் வெண்கலம் வென்றார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் அதன் மூத்த சகோதரிபோன்ற 49இஆர் எப்.எக்ஸ். படகில் வர்ஷா, ஸ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி பெற்றார். சிறியதில் பழகிய கை பெரியதில் உதவியது.

கடல் கொந்தளித்தால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இன்னொருத்தியின் கதை. 2023இல் ஹாங்சோ ஆசிய விழாவில், இளையோர் பாயுள்ள ஐ.எல்.சி.ஏ. 4 இல் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர் ஒரு விவசாயியின் மகள். பழகியது போபாலில், கடலே இல்லாத ஊரில், ஓர் ஏரியில். எங்களுக்குக் கடலும் உண்டு, மொறட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரியும் உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்றில் கொழும்புக் கடல் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. அந்த மாதங்களில் ஏரி, மற்ற மாதங்களில் கடல் என்று ஆண்டைப் பிரித்துக்கொள்ளலாம்.

ஒலிம்பிக் படகையே நேரே வாங்குவோம் என்று சிலர் ஆர்வத்தோடு சொன்னீர்கள். எமது நாட்டின் ரே விஜேவர்தன, பொறியியலாளர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஃபின் என்ற படகில் போட்டியிட்டபோது அவருக்கு 44 வயது. 1970 ஆசிய விழாவில் வெள்ளியும் வென்றார். அந்த ஃபின் 1952 முதல் ஒலிம்பிக்கில் இருந்த படகு. பாரிஸில் அது இல்லை. பெண்களுக்காக 1992இல் வந்த யூரோப் என்ற படகு 2004உடன் போய்விட்டது. பெண்களுக்கென்று தனிப் போட்டியே 1988இல்தான் வந்தது. ஒலிம்பிக் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைப் பார்த்துப் படகு வாங்கக்கூடாது. பிள்ளையின் உடலையும், எங்கள் கழகங்களில் கூடப் போட்டியிட இருக்கும் படகுகளையும், பழுதானால் இங்கே திருத்த முடியுமா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். எதிரே ஓட வேறு படகு இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல படகானாலும் அது காட்சிப் பொருள்தான்.

இங்கே கழகங்களில் ஜீ.பி. 14, என்டர்பிரைஸ் என்ற இருவர் படகுகள் நீண்ட காலமாக ஓடுகின்றன. 1949இலும் 1956இலும் ஜாக் ஹோல்ட் வரைந்தவை. பழையவை என்று ஒதுக்கவேண்டாம். ஒரு தாயும் மகளும், ஓர் அக்காவும் தங்கையும் சேர்ந்து ஓட்டலாம்.

ஆகவே எமது பரிந்துரை இதுதான். முதலாம் ஆண்டில் படகே வாங்க வேண்டாம். நீச்சல் பழக்குவோம். உயிர்காப்பு அங்கியோடு கவிழ்ந்து நிமிரும் பயிற்சியைக் குளத்தில் கொடுப்போம். படகைக் கழகங்களில் வாடகைக்கு எடுப்போம். இரண்டாம் ஆண்டில், விரும்பி நிற்கும் பிள்ளைகளுக்காகப் பாவித்த ஒப்டிமிஸ்ட் இரண்டு. நிதியில் பாதியை இப்போதே பூட்டி வைப்போம். அது பதினான்கு வயதில் வரும் அடுத்த படிக்கானது: ஓர் ஐ.எல்.சி.ஏ. உடல், முதலில் சிறிய பாய், பிறகு நடுப் பாய். தனியே போக விரும்பாதவர்களுக்கு ஜீ.பி. 14.

சாதாரண தர ஆண்டில் பயிற்சியை நிறுத்தாமல் மாதத்தில் ஒரு ஞாயிறாகக் குறைப்போம். முழுதாக விட்ட பிள்ளை திரும்பி வருவது அருமை. போட்டியில் நாட்டமில்லாதவர்கள் சிறியவர்களுக்குப் பழக்கலாம், போட்டி நடுவராகலாம். அதுவும் படிதான்.

இன்னொன்றையும் தாய்மார் முன்னிலையில் சொல்ல வேண்டும். நிறை என்ற சொல்லைப் பல தடவை பாவித்துவிட்டோம். படகுக்காக எந்தப் பிள்ளையையும் பட்டினி போடக்கூடாது. பலர் முன்னிலையில் நிறுக்கவும் கூடாது. பிள்ளை வளர்ந்தால் படகை மாற்றுவோம். அதற்குத்தான் அந்தப் பாதி நிதி.

வெயிலில் பிள்ளைகள் கறுத்துப் போவார்களே என்று ஒரு மூத்த அக்கா கவலைப்பட்டார். அக்கா, நாங்கள் நால்வரும் கறுத்துத்தான் விட்டோம். அதனால் குறைந்தது ஒன்றுமில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்று முகத்தில் பட்டதும் சொல்லத் தெரிகிறது. அது கூடியிருக்கிறது.

லேசரில் மூன்று தடவை கவிழ்ந்த பிள்ளைக்கு இப்போது பதினெட்டு வயது. இந்த உரையை எழுதும்போது அவளிடம் வாசித்துக் காட்டினோம். "எனக்குச் சின்னப் படகைத் தந்திருந்தால் நான் இன்றைக்கும் போயிருப்பேன், அன்ரி" என்றாள். அடுத்த தடவை ஜீ.பி. 14 இல் எங்களோடு முன்னிருக்கையில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறோம். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காத்திருக்கிறோம்.

அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்காவது முதற் படகும் இரண்டாவது படகும் சரியாக அமையட்டும். எமது பரிந்துரையைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று வேண்டி அமர்கிறோம்.