மேய்ச்சல் நிலமும் மாடுகளின் நல்வாழ்வும்

(பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் நடைபெற்ற கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாடுகளைப் பற்றிப் பேசுவதற்கு நகரின் நடுவேயுள்ள ரிச்சர்ட்ஸ் டவுன் ஏற்ற இடந்தானா என்று சிலர் ஐயுறக்கூடும். ஏற்ற இடமே என்பது என் கருத்து. இக்குடியிருப்பில் வீடுகளோடு ஒரு பூங்காவும் இருக்கிறது. அப்பூங்காவிலிருந்து ஆண்டுக்கு எத்தனை மூட்டை விளைச்சல் கிடைக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. உணவும் கூரையும் மட்டுமே வாழ்க்கை ஆகிவிடாது. நடப்பதற்கும், நிழலில் அமர்வதற்கும், பழகியவர்களோடு கூடியிருப்பதற்கும் இடம் வேண்டும் என்பதை நாம் உணர்ந்திருக்கிறோம். மாட்டுக்கும் இத்தகைய தேவைகள் உண்டு. அவற்றைக் கால்நடைத் திட்டங்களின் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். இதுவே நான் சொல்ல வந்த செய்தி.

ஐந்தாவது சுதந்திரம்

பிரிட்டனில் 1965ஆம் ஆண்டில் பிராம்பெல் குழு தன் அறிக்கையை அளித்தது. பண்ணை விலங்குகள் எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைத் துப்புரவு செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் பெற வேண்டும் என்று அது வற்புறுத்தியது. இக்கருத்து வளர்ந்து, பின்னர் ‘ஐந்து சுதந்திரங்கள்’ என வடிவம் பெற்றது. பசி தாகத்திலிருந்து விடுதலை, வசதிக்குறைவிலிருந்து விடுதலை, நோய் நோவிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை, இயல்பாக நடந்துகொள்ளும் உரிமை ஆகியவையே அவை. நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் 2014ஆம் ஆண்டில் ஜல்லிக்கட்டு வழக்கில் அளித்த தீர்ப்பில் இவ்வைந்தையும் எடுத்துக்கூறியது.

இவற்றுள் தீவனத்துக்கும் மருந்துக்கும் நம் திட்டங்களில் இடம் உண்டு. ஐந்தாவது மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதை நிறைவு செய்யும் முயற்சியையே அறிஞர்கள் ‘சூழல் வளமூட்டல்’ என்கின்றனர். கொட்டிலில் கட்டிய மாட்டுக்கே இது தேவை, மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டுக்குத் தேவையில்லை என்று கருதுவோர் உளர். அக்கருத்து சரியன்று. மரமும் நீரும் இல்லாமல், முள்கம்பி வேலி மட்டும் சூழ்ந்த வெற்று நிலம் கூரையில்லாத கொட்டிலே ஆகும்.

மாட்டின் ஒரு நாள்

மாடு நாளொன்றில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் மேய்கிறது. ஏறக்குறைய அதே அளவு நேரத்தை அசைபோடுவதில் செலவிடுகிறது. காலையிலும் மாலையிலும் ஊக்கமாக மேயும். நண்பகல் வெயிலில் நிழல் தேடும். நிழல் கிடைக்காவிடில் மூச்சிரைக்கிறது, மேய்ச்சல் குறைகிறது, எடையும் பாலும் சினைப்பிடிப்பும் பாதிக்கப்படுகின்றன.

நக்கிக்கொள்வதும் உரசிக்கொள்வதும் மாட்டின் அன்றாட வழக்கங்கள். நாக்குக்கு எட்டாத கழுத்தையும் முதுகையும் வாலின் அடியையும் ஏதேனும் ஒன்றில் தேய்த்துத்தான் தினவு தீர்த்துக்கொள்ள வேண்டும். உதிர்ந்த மயிரும் காய்ந்த சேறும் உண்ணிகளும் அப்போது ஓரளவு நீங்குகின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. எடை ஏற்றிய கதவொன்றைத் தள்ளித் திறந்தால்தான் உட்செல்லலாம் என்ற ஏற்பாட்டில், புதுத் தீவனத்தை அடைவதற்குப் பசுக்கள் எவ்வளவு பாரத்தைத் தள்ளினவோ, உடலைத் தேய்த்துக்கொள்ளும் தூரிகையை அடைவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு பாரத்தைத் தள்ளின.

முன்னோர் நட்ட கல்

இவ்வுண்மை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. மாடுகள் உரசிக்கொள்வதற்காக நடும் கல்லையோ கட்டையையோ ‘ஆவுரிஞ்சுதறி’ என்றும் ‘ஆதீண்டு குற்றி’ என்றும் நம் முன்னோர் அழைத்தனர். முப்பத்திரண்டு அறங்களின் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் அளித்தனர். பசுவுக்கு வாயுறை, விலங்குகளுக்கு உணவு, ஏறு விடுத்தல் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. குளமும் சோலையும் அமைப்பது மனிதருக்கும் மாட்டுக்கும் பொதுவான அறம். யாழ்ப்பாணத்தில் பழைய பாதையோரங்களில் மடம், கேணி, சுமைதாங்கி ஆகியவற்றின் அருகே ஆவுரஞ்சிக் கற்களை இன்றும் காணலாம். வழிப்போக்கனின் தலைச்சுமையையும் மாட்டின் முதுகுத் தினவையும் ஒருசேர எண்ணிப் பார்த்த சமுதாயம் அது.

கொரங்காடும் காவலும்

தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரத்துக் கொரங்காடு நமக்கு நல்ல முன்மாதிரி. மழையை மட்டுமே நம்பிய அவ்வறண்ட நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல் மரமும், சுற்றிலும் கிளுவை உயிர்வேலியும் அமைந்துள்ளன. மரம் நிழல் தருகிறது. கோடையில் புல் வற்றும்போது அதன் காய்கள் தீவனமாகின்றன. அடிமரம் உரசுவதற்கு உதவுகிறது. காங்கேயம் மாட்டினத்தின் உறுதிக்கு இந்நிலமும் ஒரு காரணம் எனலாம்.

கர்நாடகத்தில் இதைவிடப் பெரிய முன்மாதிரி ஒன்று இருந்தது. மைசூர் உடையார் அரசர்கள் தொடங்கி, திப்பு சுல்தான் ‘அம்ருத் மஹால்’ எனப் பெயர் சூட்டிய கால்நடைத் துறையே அது. ‘காவல்’ எனப்படும் அதன் மேய்ச்சல் நிலங்கள் ஒரு காலத்தில் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்தன. கோடைக் காவல், மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல் என அவை வகுக்கப்பட்டிருந்தன. ஏரிப்படுகைப் புல்லும் தண்ணீரும் மரநிழலும் உள்ள இடங்களே கோடைக்கு உரியவை. பருவத்துக்கேற்ற இடத்தை மாட்டுக்கு அளிப்பது அன்றே நிர்வாக விதியாக இருந்தது.

அக்காவல்களில் சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. சித்திரதுர்க்க மாவட்டம் சள்ளகெரேயில் சுமார் பத்தாயிரம் ஏக்கர் காவல் நிலம் ஆராய்ச்சி, பாதுகாப்பு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டதும், அதனை எதிர்த்து வழக்கு எழுந்ததும் பலர் அறிந்தவை. நாட்டுக்கு ஆராய்ச்சி நிலையங்கள் வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் புல்வெளியைத் ‘தரிசு’ என்று கணக்கில் எழுதும் வழக்கம் இருக்கும்வரை, எத்தேவை எழுந்தாலும் முதலில் கைவைக்கப்படுவது மாட்டின் நிலமாகவே இருக்கும். மேய்ச்சல் இழந்த மாடு எங்கே செல்லும்? நகரத்தின் குப்பைத் தொட்டிக்குச் செல்லும். பிளாஸ்டிக் பைகளை விழுங்கும்.

பிற நாடுகளின் படிப்பினை

இறைச்சிக்காக மாடு வளர்க்கும் நாடுகளும் இதே பாடத்தைக் கற்று வருகின்றன. பிரேசிலின் பரந்த புல்வெளிகளில் மேயும் நெல்லூர் இனம் நமது ஓங்கோல் மாட்டின் வழிவந்தது. கொலம்பியாவில் புல்லோடு சவுண்டலையும் நிழல் மரங்களையும் சேர்த்து வளர்க்கும் மேய்ச்சல் முறை பரவியுள்ளது. நம் கொரங்காட்டின் தத்துவமே அதிலும் காணப்படுகிறது.

கையாளும் முறையும் நல்வாழ்வின் ஒரு கூறேயாகும். அமெரிக்க அறிஞர் டெம்பிள் கிராண்டின், திடீர் நிழலும் மின்னும் பொருளும் கூச்சலும் மாட்டை அஞ்சச் செய்கின்றன என்று விளக்கினார். வளைவான நடைவழிகளை வடிவமைத்துக் காட்டினார். நெடுநேரம் அச்சத்திலும் அலைச்சலிலும் வாடிய மாட்டின் இறைச்சி கறுத்து, விரைவில் கெடுகிறது. அன்பு கருதாதவரும் ஆதாயம் கருதி இதை ஏற்கின்றனர்.

கர்நாடகத்தில் 2021ஆம் ஆண்டு முதல் பசு வதைத் தடைச் சட்டம் கடுமையாகியுள்ளது. எனவே பால் வற்றிய பசுக்களும் உழைப்பு ஓய்ந்த எருதுகளும் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. அவ்வாண்டுகளைக் குட்டைக் கயிற்றில், நெரிசலான தொழுவத்தில் கழிக்கச் செய்தால் என்ன பயன்? உயிரோடு வைத்திருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

செய்ய வேண்டுவன

பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. முதலாவதாக, மேய்ச்சல் நிலத்தில் மரங்களை ஒரே இடத்தில் குவிக்காமல் பரவலாக நட வேண்டும். இல்லையேல் வலிய மாடுகள் நிழலைப் பற்றிக்கொள்ள, எளியவை வெயிலில் நிற்கும். இரண்டாவதாக, மாடு எளிதில் அணுகத்தக்க தண்ணீர்த் தொட்டி வேண்டும். கோடையில் பெரிய மாடு ஒன்று நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்கு மேலும் குடிக்கக்கூடும். மூன்றாவதாக, தொட்டிக்குச் சற்றுத் தள்ளி, சொரசொரப்பான, கூர்முனை இல்லாத கல்தூண்களை ஆழமாக நட வேண்டும். அவை இல்லாவிடில் மாடுகள் வேலியையும் இளமரங்களையும் உரசிச் சாய்த்துவிடும். நான்காவதாக, பழகிய மாடுகளைப் பிரிக்காமல் ஒரே மந்தையாக வைத்தல் நலம். புது மாட்டைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். ஐந்தாவதாக, மேய்ப்பவர்களுக்கும் ஏற்றியிறக்குவோருக்கும் அடிக்காமல், வாலை முறுக்காமல் மாட்டை நடத்தும் பயிற்சி அளிக்க வேண்டும்.

ஊராட்சிகள் மேய்ச்சல் நிலத்துக்குத் திட்டம் வகுக்கும்போதும், கோசாலைகளுக்கு நிதி அளிக்கப்படும்போதும், தீவனத்தோடும் மருந்தோடும் நிழல், நீர், உரசுகல் ஆகிய மூன்றையும் மதிப்பீட்டில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகரவாசிகளான நீங்கள் கோசாலைக்கு நன்கொடை வழங்கும்போது, மாடுகள் அவிழ்த்துவிடப்படுகின்றனவா, அவை நிற்க ஒரு மரமேனும் உண்டா என்று கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் செய்பவரும் இருப்பார்.