பெயரை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்?

நான் ஒரு தாதி. என்னிடம் மூத்தோர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "ஏம்மா, காலையிலும் கேட்டே, இப்பவும் கேக்குறியே, என் பேரு இன்னும் தெரியலையா?"

தெரியும். தெரிந்தும் கேட்கிறோம். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரே வார்டில் இரண்டு லெட்சுமிகள் இருந்தார்கள். ஒருவருக்கு நீரிழிவு, இரவு உணவுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். மற்றவருக்கு இடுப்பெலும்பு முறிவு, நீரிழிவு கிடையாது. அன்று மதியம் இருவரின் படுக்கைகளும் மாற்றப்பட்டிருந்தன. பணிமாற்றத்தின்போது அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஊசியுடன் சென்று, "நீங்கள் லெட்சுமிதானே, பாட்டி?" என்று கேட்டேன். காது சரியாகக் கேட்காத அவர் தலையாட்டினார். உடன் வந்த மூத்த தாதி கைப்பட்டையைப் பார்த்தார். "நில்லு, எண் ஒத்துப்போகவில்லை" என்றார். என் கை நடுங்கிவிட்டது. ஊசி போட்டிருந்தால் பாட்டியின் ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்.

அதனால்தான் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்காமல், "உங்கள் முழுப்பெயர் என்ன?" என்று கேட்கிறோம். அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ ஒப்பிட்டுப் பார்க்கிறோம். நம்மிடையே ஒரே பெயர் கொண்டவர்கள் பலர். ஆகவே தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்சுலின் போன்ற மருந்துகளை இரண்டு தாதியர் சரிபார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணில் படும். பணி மாறும்போது உங்கள் படுக்கை அருகே நின்று பேசுவதும் இதற்காகத்தான். அப்போது கவனித்துக் கேளுங்கள். விடுபட்டதை நீங்களே சொல்லலாம்.

ஏனெனில், இந்தக் குழுவில் நீங்களும் ஒருவர். நீங்கள் செய்யக்கூடியவை:

• கைப்பட்டையைக் கழற்றாதீர்கள். அதில் பிழை இருந்தால் உடனே சொல்லுங்கள்.

• எந்த மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்பதை ஒவ்வொரு முறையும் தெரிவியுங்கள்.

• சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எடுத்து வாருங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

• மாத்திரையின் நிறமோ எண்ணிக்கையோ வழக்கத்திற்கு மாறாக இருந்தால், விழுங்குவதற்கு முன் கேளுங்கள்.

• தனியாக எழுந்து நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால், கழிவறைக்குச் செல்ல அழைப்பு மணியை அழுத்துங்கள். எங்களுக்குத் தொந்தரவு என்று நினைக்காதீர்கள்.

"கேள்வி கேட்டால் தாதி கோபித்துக்கொள்வாரோ" என்ற தயக்கம் வேண்டாம். அன்று என்னைத் தடுத்தவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால், நீங்களும் "கொஞ்சம் நில்லும்மா" என்று சொல்லுங்கள். நாங்கள் நிற்போம்.