ரயில் நேரத்துக்கு வந்தது, போனஸ் பாதியாயிற்று!

(கோடம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



“எமர்ஜென்சி காலமே தேவலை. ரயில் நேரத்துக்கு வந்தது, குமாஸ்தா பத்து மணிக்கு நாற்காலியில் இருந்தான், கலாட்டா இல்லை” என்று சொல்வோர் இன்றும் உண்டு. அவர்கள் கெட்டவர்களல்ல. நம் கோடம்பாக்கம் ஸ்டேஷனில் நின்று நின்று கால் கடுத்தவர்கள்தான். ஆகவே பரிகாசம் வேண்டாம். கொடுத்தது என்ன, வாங்கியது என்ன என்று கணக்குப் பார்ப்போம்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. மிசாவில் பிடித்தால் ஏன் என்று கேட்க நாதியில்லை. வேலைநிறுத்தம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஆலைகளில் அமைதி நிலவியது. அந்த அமைதியில் நடந்தது என்ன? செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக வெட்டப்பட்டது. ஒரு மாதச் சம்பளமாக வந்தது அரை மாதச் சம்பளம்கூட இல்லாமல் போயிற்று! முதலாளிக்குக் கிடைத்த ஒழுங்கு இது.

“நாம் அரசியல் பேசுவதில்லை, நமக்கென்ன?” என்று ஸ்டுடியோத் தொழிலாளி கேட்கலாம். அம்ரித் நஹாட்டாவின் ‘கிஸ்ஸா குர்சி கா’ படம் நெகடிவ் உள்பட அழிக்கப்பட்டது. அதில் லைட் பிடித்தவன் என்ன அரசியல் பேசினான்?

1976 ஜனவரி 31இல் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளுக்குத் தடியடி. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977இல் மாண்டார். அந்தக் கொடுமைகளைப் பின்னர் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் விசாரித்தது.

கோர்ட்டாவது காப்பாற்றியதா? போலீஸ்காரன் சொந்தப் பகையால் ஒருவனைக் கொன்றாலும் பரிகாரம் கிடையாதா என்று சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கன்னா கேட்டார். நெருக்கடி நிலை உள்ளவரை கிடையாது என்றார் சர்க்காரின் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே! 1976 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சர்க்கார் பக்கமே தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்தார்.

இது ஒரே இரவில் முளைத்த விஷச்செடி அல்ல. இதே சென்னை ராஜ்யத்தில் 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தைக் கொண்டு, ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ வாரப் பத்திரிகை உள்ளே வரக்கூடாதென்று தடுத்தார்கள். 1950இல் சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாதென்றது. மறு வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்தி, பேச்சுரிமைக்கு வேலியாக ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லைச் செருகினார்கள்.

நம் பக்கமும் சொல்லவேண்டும். பிற்போக்கை அடக்கத்தானே என்று இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் எமர்ஜென்சியை ஆதரித்தனர். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி 1978இல் அதைத் தவறென ஒப்புக்கொண்டது.

1977 மார்ச்சில் வடக்கே ஜனங்கள் அந்த ஆட்சியைத் தூக்கியெறிந்தார்கள். அவ்வாண்டே போனஸும் 8.33க்குத் திரும்பியது. தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இருந்த கூட்டணிக்கே பெருவாரி இடங்கள். மறைப்பானேன்? ஸ்டேஷனில் நின்ற அந்த மனிதருக்கு ரயில் வந்த நேரம் தெரிந்தது. சிறையில் விழுந்த அடி தெரியவில்லை. அதை எழுதவேண்டிய நாளில் பத்திரிகைகளுக்குத் தணிக்கை!