சுகாதார நிலையமும் சமூக ஊடகமும்
(ஊராட்சி மன்ற உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது ஆரம்ப சுகாதார நிலையம் வாட்ஸ்அப், முகநூல் வாயிலாக ஊராருடன் தொடர்பு கொள்வதற்கு ஒரு திட்டம் வகுத்தல் வேண்டும். இதன் அவசியம் யாதெனில், 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபொழுது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் அஞ்சிப் பின்வாங்கினர். வதந்தி கைப்பேசியில் வருமாயின், உண்மையும் அவ்வழியே, அதுவும் நாம் நம்பும் ஒருவரிடமிருந்து, வந்து சேர வேண்டும்.

இத்திட்டத்தை மருத்துவ அலுவலர் ஒருவரே எழுதிவிடுதல் போதாது. ஊழியர் அனைவரையும் ஒருங்கே அமர்த்திக் கேட்க வேண்டும். களையெடுப்புக் காலத்தில் பெண்கள் விடியற்காலையிலேயே வயலுக்குச் சென்றுவிடுவர் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் அறிவார். ஆதலின் புதன்கிழமைத் தடுப்பூசி பற்றிய செய்தி செவ்வாய் மாலையே சேர வேண்டும் என்பார். இரத்த அழுத்த மாத்திரை வாங்க வருவோர் எந்தச் சீட்டை மறந்து வருகின்றனர் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும். வந்தவர் எங்கே வழி தெரியாது நிற்கின்றனர் என்பதைத் துப்புரவுப் பணியாளர் நாள்தோறும் காண்கிறார். ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இப்பணியும்.

பின்வரும் விதிகளை முதலிலேயே வகுத்துக்கொள்வோம்:

1. நிலையத்திற்கெனத் தனி எண் வேண்டும். செவிலியரின் சொந்த எண்ணை இதற்குப் பயன்படுத்தலாகாது.

2. எழுதுபவர் இருவர், மருத்துவச் செய்தியை மருத்துவ அலுவலர் பார்த்த பின்னரே வெளியிட வேண்டும்.

3. நோயாளியின் பெயர், படம், நோய் ஆகியவற்றை வெளியிடலாகாது. பிரசவம், காசநோய் முதலியன ஊரில் பரவிவிட்டால், மறுமுறை அக்குடும்பம் நிலையத்தின் வாயிலை மிதிக்கத் தயங்கும்.

4. குறை கூறி எழுதுவோரின் சொல்லை அழித்தல் கூடாது. விடை அளித்தல் வேண்டும்.

5. பாம்புக்கடி, பிரசவ வலி, நெஞ்சுவலி ஆகியவற்றுக்குச் செய்தி எழுதிக் காத்திராது 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை முகப்பிலேயே எழுதி வைத்தல் வேண்டும்.

கைப்பேசி இல்லாத முதியோரையும் நாம் மறந்துவிடலாகாது. அதே செய்தி ஊராட்சி அறிவிப்புப் பலகையிலும் இடம்பெறட்டும்.

உறுப்பினர்களே! வரும் கிராம சபையில் இதனை விவாதியுங்கள். மக்கள் எதைக் கேட்க விரும்புகின்றனர் என்பதைத் தொகுத்து நிலையத்திற்கு அளியுங்கள். ஊழியரும் ஊராரும் கலந்து செய்யும் இம்முயற்சியால், ஒரு பிள்ளைக்கேனும் தடுப்பூசி தவறாதிருக்குமாயின் நம் உழைப்பு வீண் போகாது.