மரபணு மொழிக்குச் சாட்சி சொல்லுமா?

அமெரிக்கக் கண்டங்களின் பூர்வகுடி மொழிகள் அனைத்தையும் மூன்றே குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம் என்று 1987இல் மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் எழுதினார். வடகோடியில் எஸ்கிமோ-அலூட், அதையடுத்து நா-தெனே, மிச்சமுள்ள நூற்றுக்கணக்கான மொழிகள் எல்லாம் 'அமெரிண்ட்'. மொழியியலாளர் பெரும்பாலோர் அமெரிண்டை ஏற்கவில்லை. 2012இல் மரபணுவியலாளர் டேவிட் ரைக் குழுவினர் 52 பூர்வகுடி இனங்களின் மரபணுவை ஆராய்ந்து, ஆசியாவிலிருந்து குறைந்தது மூன்று அலைகளாக மக்கள் வந்ததாகச் சொன்னார்கள். மூன்று குடும்பம், மூன்று அலை: கிரீன்பெர்க் கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றும். ஆகவில்லை என்பதே என் வாதம். அதே ஆய்வில் கனடாவின் சிப்பெவையன் மக்களைப் பாருங்கள். அவர்கள் பேசுவது நா-தெனே மொழி. ஆனால் அவர்கள் மரபில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு முதல் அலையில் வந்தவர்களுடையது; அமெரிண்டோடு பொருத்தப்படும் அலை அது. மரபணுவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அவர்களை அமெரிண்டில்தான் சேர்க்க வேண்டும். கிரீன்பெர்க்கே அப்படிச் சேர்க்கவில்லை.

இது விதிவிலக்கு, பொதுவாக மரபும் மொழியும் சேர்ந்தே போகும் என்பார்கள். போகும்தான், குழந்தை இரண்டையும் ஒரே வீட்டில் பெறுகிறது. ஆனால் தலைமுறைகள் பல கடந்தால் இரண்டும் பிரியலாம். பசிபிக்கின் வனுவாட்டு தீவுகளில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் முதலில் குடியேறியவர்கள் கிழக்காசிய மரபினர். பின்னால் பப்புவா மரபினர் வந்து கலந்துகொண்டே இருந்தார்கள். இன்று அங்கே மேலோங்கியிருப்பது பப்புவா மரபு. அந்தத் தீவுகளின் நூற்றுக்கு மேற்பட்ட பூர்விக மொழிகளோ அத்தனையும் முதலில் வந்தவர்களின் ஆஸ்திரோனேசியக் குடும்பத்தவை. பின்னால் வந்தவர்கள் அங்கிருந்த பேச்சையே தமதாக்கிக்கொண்டார்கள்.

பத்தாயிரம் ஆண்டுகளில் சொற்கள் தேய்ந்துபோகும், அதன்பின் மரபணுவைத் தவிர வேறு துணை ஏது என்ற கேள்வி நியாயமானது. யார் யாரோடு கலந்தார்கள் என்பதை மரபணு அருமையாகக் காட்டும். அவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அது காட்டாது. ஒரே அலையில் வந்தவர்கள் ஒரே மொழிதான் பேசினார்கள் என்பதற்கும் உறுதியில்லை. மொழி உறவை நிறுவ ஒலிகள்தான் ஒழுங்காகப் பேச வேண்டும். நம் பால் கன்னடத்தில் ஹாலு; பல், ஹல்லு; பத்து, ஹத்து; பாம்பு, ஹாவு. சொல்லின் முதலில் வரும் பகரம் வரிசையாக ஹகரமாகிறது. 1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது யாருடைய இரத்தத்தையும் சோதிக்கவில்லை. அமெரிண்டுக்கு இப்படியொரு வரிசையை இன்றுவரை யாரும் ஐயமறக் காட்டவில்லை.