விண்ணகம் விலகிப் போகிறதா?



கல்லறைத் திருநாளன்று கல்லறைகளை மந்திரித்துவிட்டு நாம் திரும்பும் வழியில், விசைத்தறி ஓட்டும் ஒரு தாய் நிறுத்தினார். சென்ற ஆண்டு மகனைப் பறிகொடுத்தவர். "ஏனுங்க சாமி, பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே போகுதுன்னு புள்ள படிச்சுட்டு வந்து சொல்றா. அப்ப மோட்சமும் தள்ளித் தள்ளிப் போகுதுங்களா? என்ற பையன் இன்னும் தூரமாப் போயிட்டே இருக்கானுங்களா?" என்றார்.

இதைக் கேட்டு நாம் சிரித்துவிடக் கூடாது. கீழே பூமி, மேலே வானம், வானம் முடியும் இடத்தில் விண்ணகம் என்ற படம் நம் எல்லார் மனத்திலும் இருக்கிறது.

பிரபஞ்சம் விரிவது உண்மையே. கேலக்ஸிகள் என்னும் விண்மீன் கூட்டங்கள் விலகிச் செல்வதற்கு அண்டவெளி விரிவதே காரணம் என்று 1927-இல் விளக்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. பெல்ஜியம் நாட்டு ஜார்ஜ் லெமைத்ர் அடிகளார்.

திருப்பூர் பனியன் துணியில் பேனாவால் புள்ளிகள் வைத்து இழுத்துப் பாருங்கள். எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகும்; தூரத்துப் புள்ளி கூடுதலாக விலகும். நடுப்புள்ளி என்று எதுவும் இல்லை.

கரை உண்டா? நம் சோமனூர்த் தறியில் இறங்கும் காடாத் துணிக்கு இருபுறமும் கரை உண்டு. பனியன் துணியோ மெஷினில் குழாய்போலச் சுற்றி இறங்குகிறது. குழாயைச் சுற்றி ஓர் எறும்பு நடந்தால், எத்தனை சுற்று வந்தாலும் கரை தட்டாது. பிரபஞ்சமும் அப்படி அளவிருந்தும் கரையில்லாமல் இருக்கலாம். முடிவே இல்லாமலும் இருக்கலாம். அறிவியல் இன்னும் தீர்த்துச் சொல்லவில்லை. நாம் அறிந்த எல்லை நம் பார்வையின் எல்லைதான். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதற்குள் நம்மை வந்தடைந்த ஒளியை மட்டுமே காண முடியும். தொடுவானத்தோடு பூமி முடிந்துவிடுவதில்லையே!

ஆகவே, கடைசிக் கேலக்ஸிக்கு அப்பால் கடவுளைத் தேட வேண்டியதில்லை. 1951-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், அறிவியலின் இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சான்று கூறுவதுபோல் பேசியபோது, லெமைத்ர் அடிகளார் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்றே அவர் கருதினார். கணக்குக்குள் அடங்கும் இறைவனை அவர் வணங்கவில்லை. எருசலேம் ஆலயத்தை நேர்ந்தளித்த சாலமோனும், வானங்கள்கூட இறைவனைக் கொள்ளமாட்டா என்றுதானே மன்றாடினார்?

அந்தத் தாயிடம் சொன்னோம்: "அம்மா, பையனை ஓர் இடத்திலா ஒப்படைத்தோம்? ஆண்டவரிடம் ஒப்படைத்தோம். இடம் விரியும், ஆண்டவர் விலகமாட்டார். அதோடு, விரிவு எல்லாவற்றையும் பிரிப்பதும் இல்லை. பூமியும் சூரியனும் நம் பால்வீதியும் ஈர்ப்பால் கட்டுண்டு சேர்ந்தே இருக்கின்றன. ஆந்திரோமேடா கேலக்ஸி நம்மை நோக்கியே வருகிறது." விசுவாசத்துக்குச் சான்றாக இதைச் சொல்லவில்லை. அவர் பயம் நீங்கச் சொன்னோம்.

அவர் சற்று நேரம் அழுதார். பிறகு, "முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வீட்டுப் பக்கம் யாரும் வரலைங்க சாமி" என்றார். ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

அன்பர்களே, அவரை விட்டு விலகிப் போனது விண்ணகமா, நாமா? கேலக்ஸிகளின் தூரத்தை நம்மால் குறைக்க முடியாது. நம் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கலாம். இறந்த ஆன்மாக்களின் இந்த மாதம் முடிவதற்குள், அப்படி ஒரு வீட்டு வாசலை மிதிப்போம். வானங்களும் கொள்ளாத இறைவன் அங்கே நமக்கு முன்பே இருக்கிறார். ஆமென்.