இருதயமும் தேகப் பாரமும்
(ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆடிவேல் விழாவில் தேரோடு நடக்கையில் நம்மிற் சிலர் அரைமைலுக்குள்ளேயே மூச்சிரைத்து நின்றுவிடுகிறோம். "வயது போய்விட்டது" என்று சிரித்துக்கொள்கிறோம். வயது மாத்திரந்தானா காரணம்?

கைப்பிடியளவான இருதயம் ஓய்வில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகின்றது. பெருக்கிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 5 லீற்றர். நாளொன்றுக்கு 7,000 லீற்றர்! ஓடும்போது இது நான்கு மடங்காகலாம். பயிற்சி பெற்றவனுடைய இருதயம் ஒரே துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளுவதால், ஓய்வில் மெதுவாகவே துடிக்கின்றது.

பருத்த தேகத்தின் கதை வேறு. கொழுப்பும் உயிருள்ள இழையமே. அதற்கும் இரத்தம் வேண்டும். பாரம் ஏற ஏற உடலிலுள்ள இரத்தத்தின் அளவும் கூடும். இருதயம் ஓய்விலும் கூடுதலாக உழைக்கும். இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால், இடது கீழறையின் சுவர் நாளடைவில் தடித்துப்போகும். தடித்த சுவர் எளிதில் இளகாது. அறையில் இரத்தம் செவ்வனே நிரம்பாது. மூச்சிரைப்பு அதன் முறையீடாகவும் இருக்கலாம்.

உயர்ந்து வளர்ந்தவருக்கு இயல்பாகவே கூடுதல் இரத்தம் வேண்டும். ஆகவே பாரத்தை உயரத்தோடு சேர்த்தே அளக்கவேண்டும். ஆசியருக்குக் குறைந்த பாரத்திலேயே ஆபத்துத் தொடங்குகிறதென்று உலக சுகாதார நிறுவன நிபுணர்கள் 2004இல் எடுத்துக்காட்டினர். அவர்கள் கணக்குப்படி, 1.65 மீற்றர் உயரமுள்ளவர் 63 கிலோவைத் தாண்டினாலே விழிப்பாயிருத்தல் வேண்டும். இலங்கையரும் இடம்பெற்ற 52 நாடுகளின் ஆய்வொன்றில், தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. ஏனையோருக்கு ஏறக்குறைய 59. அந்த ஆறு வருஷம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரியது! பிள்ளையின் படிப்பும் மகளின் கலியாணமும் அதற்குள் அடங்கிவிடும்.

வாலிபர்களே! செட்டியார் தெருக் கடைகளில் காலை முதல் இரவுவரை உட்கார்ந்திருப்போர் நம்மிற் பலர். நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடப்போம். இராச் சாப்பாட்டைக் குறைப்போம். பெரியோர்களே! நடையைத் திடீரெனக் கூட்டாது, வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவோம். மார்வலி கண்டால் வாய்வென்று கசாயம் காய்ச்சிக்கொண்டிராமல், உடனே 1990க்கு அழைப்போம். அந்த அம்புலன்ஸ் வண்டிக்குக் கட்டணமில்லை.

நாம் உறங்கும்போதும் உறங்காத இவ்வூழியனுக்கு வீண்சுமை ஏற்றாதிருப்போமாக.